காலண்டருக்குப் பின்னால்

பதினேழாவது விடைத்தாளில் போய்ச் சிக்கிக்கொண்டாள் சிவகனி. அதுவரைக்கும் கை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முப்பது தாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் முப்பது தாள், மே மாதத்து வெக்கையில் மின்விசிறி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிற இந்தக் கூடத்தில் இன்றோடு ஆறு நாள். இருபத்தாறு வருஷமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவளுக்கு இது என்ன புதுசா? முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பிள்ளை படித்துவிட்டு வந்திருக்கிறதா, பஸ்ஸில் வரும்போது பக்கத்து ஆளிடம் கதை கேட்டுவிட்டு வந்திருக்கிறதா என்று. பத்து மதிப்பெண் வினாவா, நாலு பக்கம் இருக்கிறதா, உட்தலைப்புக்குக் கீழே கோடு போட்டிருக்கிறதா, முன்னுரை முடிவுரை உண்டா, முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஒரு எட்டுப் பார்வை, சரி, ஏழு போடு, அடுத்தது. அநியாயம்தான். இங்கே உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரும் அதே அநியாயத்தைத்தான் செய்கிறார்கள், அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை. முப்பத்தேழாவது வினா, இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பதை உப்பளச் சிறுகதையின் வழி நிறுவுக. பதினாறு தாளிலும் பதினாறு பிள்ளைகளும் 'இலக்கியம் காலத்தின் கண்ணாடி ஆகும்' என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். பாவம், கேள்வியையே திருப்பிப் போட்டால் ஒரு வரி மிச்சம். பதினேழாவது தாளில் அந்த வரி இல்லை. 'அன்றைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை' என்று ஆரம்பித்திருந்தது. நீல மையில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. சிவகனி சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். பிறகு எதற்கு மூடினோம் என்று தெரியாமல் திறந்தாள்.

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். பாடத்திட்டத்தில் அதைக் கொண்டுவந்து வைத்ததே அவள்தான், நாலு வருஷத்துக்கு முன்னால், பாடத்திட்டக் குழுவில் ஒரு மணி நேரம் வாதாடி. பனையடிமுனை உப்பளத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நடந்ததைப் பற்றிய கதை. குடிக்கத் தண்ணீர் வை, காலுக்குச் செருப்பு கொடு என்று கேட்டு அளத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு உப்புக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது, சுட்டது. ஜனம் வாசலுக்கு ஓடியது. முதலாளி சொல்லி அளத்தின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கதையில் வருகிற காவல்காரர் ஒரு நிமிஷம் நிற்பார், வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைப்பார், பிறகு பூட்டைத் திறந்துவிடுவார். கடைசியாக ஒரு தாயும் மகனும் ஓடி வருவார்கள், பையன் கையிலிருந்து கஞ்சித் தூக்குச்சட்டி கீழே விழும், காவல்காரர் அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, ஓடு என்பார். பிறகு சாவியைத் தூக்கி உப்பு வாய்க்காலில் எறிந்துவிடுவார். வகுப்பில் அந்த இடம் வரும்போது பின்பெஞ்சு கூட அமைதியாகிவிடும். புத்தகத்தை மூடிவிட்டு, அந்தக் காவல்காரர் பெயர் தவசிமுத்து, என் அப்பா, என்று சிவகனி சொல்வாள். எத்தனை வகுப்பில், எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறாள். விடைத்தாள் திருத்துகிற இந்த முகாமில்கூட அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. விடைக்குறிப்பு தயாரிக்க வேண்டி வந்தபோது, உங்களைவிட யாருக்கு மேடம் தெரியும் என்று முதன்மைத் தேர்வாளர் ஞானதிரவியம் சார் அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் எழுதினாள்: கதவைத் திறந்த காவல்காரரின் மனிதநேயம், நான்கு மதிப்பெண். கையெழுத்துப் போட்டாள். நாற்பது பேருக்கும் நகல் போயிற்று.

இப்போது இந்தப் பிள்ளை. ஆணா பெண்ணா தெரியாது, பெயரைக் கிழித்துவிட்டுப் பொய் எண் போட்டுத்தான் தாள் வருகிறது. மற்ற எல்லாக் கேள்விக்கும் சேர்த்து இருபத்திரண்டு. செய்யுளில் கோட்டை விட்டிருக்கிறது, உரைநடையில் பாதி. முப்பது வந்தால் தேர்ச்சி. இந்த ஒரு வினாவுக்கு எட்டு கிடைத்தால் பிள்ளை கரையேறும். கிடைக்காவிட்டால் இன்னொரு ஆறு மாதம் அரியரைச் சுமக்கும். விடைக்குறிப்புப்படி பார்த்தால் முன்னுரைக்கு ஒன்று, ஆசிரியர் பெயருக்கு ஒன்று, இரண்டு போடலாம். அவ்வளவுதானே, இரண்டைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கண் கீழே இறங்கியது. 'என் பெரியப்பா சந்தியாகுவுக்கு அப்போது ஒன்பது வயது. பனையடிமுனை அளத்தில் உப்பு வாருகிற அவர் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தார். சுட ஆரம்பித்ததும் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. மற்றவர்கள் வாய்க்கால் பக்கம் திரும்பி ஓடினார்கள். அவர் அம்மா அவரைத் தூக்கி முள்வேலிக்கு மேலே விட்டார்கள். கம்பி கையைக் கிழித்தது. இன்றைக்கும் வலது கையில் மூன்று விரல் மடங்காது. அவர் அம்மா வெளியே வரவில்லை. எங்கள் அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது.' பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் இன்னும் இருக்கிறது, மை ஊறித் தெரிகிறது. அவள் திருப்பவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது, புடவைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்தாள். சந்தியாகு. அந்தப் பெயரை எங்கே வைத்திருந்தோம், இத்தனை வருஷமாக எந்த மூலையில் போட்டு வைத்திருந்தோம், கூப்பிட்டதும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறதே.

ஓராசிரியர் பள்ளிக்கூடம். அவள் ஆறாம் வகுப்பு, அவன் நாலு, எல்லாருக்கும் ஒரே கொட்டகை. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தான், வலது கையில் கட்டு, இடது கையால் சிலேட்டில் எழுதப் பழகினான். அவள் பக்கம் ஒரு நாளும் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள். என்னடி நினைப்பு அது, கையில் கட்டோடு தாயில்லாமல் வந்து உட்கார்ந்த பையன் உன்னைப் பார்த்து வெட்கப்பட்டானா? சரி, சின்ன வயசு, பதினொரு வயசில் என்ன தெரியும் என்று ஒரு குரல் உள்ளே வக்காலத்து வாங்கியது. தெரியும் என்றது இன்னொன்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது, வந்த வேகத்தில் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. தேர்வு எழுதுகிறவர் தன் பெயர், ஊர், தன்னை அடையாளம் காட்டும் எதையும் விடைத்தாளுக்குள் எழுதக்கூடாது. எழுதினால் தாளைத் திருத்தவே வேண்டாம், ரோஸ் நிறச் சீட்டை நிரப்பி மேலே குத்தி அனுப்பிவிட வேண்டியது, அது ஒழுங்கு நடவடிக்கைக்குப் போய்விடும். பெரியப்பா பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. எழுதின பிள்ளைக்குப் புத்தி எங்கே போயிற்று? ஆனால் விதி விதிதானே. அவளாக ஒன்றும் செய்யவில்லை, விதி செய்கிறது. மேசை நடுவில் கிடந்த சீட்டுக்கட்டிலிருந்து ரோஸ் சீட்டு ஒன்றை உருவினாள். பொய் எண்ணை எழுதினாள். பாடத்தின் குறியீட்டை எழுதினாள். 'காரணம்' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. நடவடிக்கைக்குப் போனால் இந்த ஒரு தாள் அல்ல, பருவம் முழுக்க எழுதின எல்லாத் தாளும் ரத்தாகும். எட்டுத் தாள். எட்டும்.

"அக்கா, டீ ஆறுது" என்றாள் ஹைருன்னிசா. பக்கத்து நாற்காலிக்காரி, காயல்பட்டினத்துக் கல்லூரியிலிருந்து வருகிறவள், முகாம் தொடங்கின நாளிலிருந்து ஒட்டிக்கொண்டவள். உளுந்தவடையைக் காகிதத்தில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். ரோஸ் சீட்டைப் பார்த்துவிட்டாள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "என்ன, மாட்டிக்கிடுச்சா ஒண்ணு? ரூபாய் நோட்டு வச்சிருக்கானா, பாஸ் போடுங்கன்னு சாமி படம் வரைஞ்சிருக்கானா?" என்று சிரித்தாள். "ஊர் பேரு எழுதியிருக்கு" என்றாள் சிவகனி. "அய்யோ பாவம். சரி, குடிங்க. எனக்கு வந்த தாள்லயும் உங்க அப்பாதான், காலையில இருந்து பதினாலு தடவை கதவைத் தொறந்துட்டார். போன வருஷம் எங்க காலேஜ் விழாவுல பேசினீங்களே, அப்பா வீட்டுக் கதவைக்கூடப் பூட்டவே மாட்டார்னு, பிள்ளைங்க இன்னும் அதைச் சொல்லுது." சிவகனி டீயை வாயில் வைத்தாள், ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, அப்படியே விழுங்கினாள். ஆமாம், சொன்னாள். எல்லா மேடையிலும் சொல்கிறது அது, கைதட்டல் விழுகிற இடம். கதையில் கதவைத் திறந்த மனிதர் தன் வீட்டுக் கதவைச் சாகும்வரை பூட்டியதில்லை, ராத்திரியிலும் திறந்தே போட்டுவிட்டு வாசலுக்கு நேரே படுத்திருப்பார், ஒரு தடவை வெண்கலப் பானை களவு போயிற்று, அப்போதும் பூட்டவில்லை. அப்பேர்ப்பட்ட மனசு. கை தட்டுவார்கள். அம்மா அதற்குச் சொன்ன காரணத்தை அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. கதவைச் சாத்தினா உங்க அப்பாவுக்கு மூச்சு முட்டுதாம்டி, அலறிக்கிட்டு எந்திரிக்காவ. அதைச் சொன்னால் கைதட்டல் விழாது. ஒருவேளை சொல்லியிருந்தால் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, ஏன் மேடம் என்று கேட்டிருக்கும். அதுதான் பயம். அந்த ஒரு 'ஏன்' வந்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனை பேச்சும் பேசினாளோ என்னவோ. வடை எண்ணெய் விடைத்தாளில் பட்டுவிடப் போகிறது என்று கையைத் துடைத்தாள்.

அன்றைக்கு அப்பா எப்படி வந்தார்? வெறுங்கையோடு வந்தார். அப்படித்தான் அவள் ஞாபகம் சொல்கிறது, வெகு நாளாக அப்படித்தான் சொல்கிறது. மத்தியானம், வெயில் கண்ணைப் பறிக்கிறது, அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருக்கிறாள், தூரத்தில் பட்டாசு மாதிரி நாலைந்து சத்தம், கொஞ்ச நேரம் கழித்து அப்பா ஓடி வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்கிறார். வெறுங்கை. அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டுகிறாள். அவர் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? கையை விரிக்க முடியவில்லை. வெறுங்கை என்றால் விரிக்க முடியாமல் போகுமா? வலது கை இறுக மூடியிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், எறாலுக்குத் தோடு உரிக்கிற மாதிரி பதறாமல் பிரித்தாள், உள்ளே அந்தச் சாவி. நீளமான இரும்புச் சாவி, தலையில் ஒரு வளையம், வளையத்தில் பனைநார்க் கயிறு. உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அம்மா அந்தச் சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு முருகன் படம் போட்ட காலண்டரைத் தூக்கி அதற்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டி, காலண்டரை மேலே விட்டாள். எல்லாம் தெரிகிறதே, எறால் தோடு வரைக்கும் தெரிகிறதே, அப்புறம் எங்கிருந்து வந்தது அந்த வெறுங்கை? கதை அச்சில் வந்த பிறகு வந்தது. கதையில் சாவியை வாய்க்காலில் எறிகிறார், அப்படியானால் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் வந்திருக்க வேண்டும். புத்தகம் வந்து அவள் தலைக்குள் நுழைந்து சாமானை எல்லாம் தனக்கு ஏற்றபடி மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவளும் பார்த்துக்கொண்டு இருந்தாள், தடுக்கவில்லை. காலண்டர் வருஷா வருஷம் மாறிற்று, முருகன், லட்சுமி, உரக்கடைக்காரர் கொடுத்த மயில் படம். ஆணி மாறவில்லை. காற்றடித்தால் காலண்டருக்குப் பின்னால் இரும்பு சுவரில் தட்டும், டக், டக் என்று. அப்பா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவார்.

கதை எழுதினவர் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. சின்ன வயசு, தோளில் ஜோல்னாப் பை, வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. கலர் சோடா வாங்கிவரச் சொன்னார் அப்பா, அவள் ஓடிப்போய் வாங்கி வந்தாள், பதினாலு வயசு. அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க கதவத் தொறந்து விட்டுட்டீங்கதானே?" என்று கேட்டார். அப்படித்தான் கேட்டார், அவள் காதால் கேட்டாள். திறந்தீர்களா என்று கேட்கவில்லை. ஒரு ஏழை இன்னொரு ஏழையைப் பூட்டிவிட்டுப் போவான் என்று அந்த ஜோல்னாப் பைக்காரருக்கு நினைக்கவே தெரியவில்லை. அப்பா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சோடா நுரை அடங்கிற்று. பிறகு, "ஆமா சார், தொறந்தேன்" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். வந்து காலண்டர் தொங்குகிற சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். கரண்டி கையில் இருந்தது, குழம்பு சொட்டியது. அந்த மனிதர் எழுதி முடித்து, கும்பிடு போட்டு, தெருமுனை திரும்பும் வரைக்கும் அம்மா அந்தச் சுவரை விட்டு அசையவில்லை. குழம்பு அடிபிடித்துவிட்டது. அன்றைக்கு யாரும் யாரையும் ஏசவில்லை, தீய்ந்த குழம்பையே சாப்பிட்டார்கள். இதுவரைக்கும்கூட சிவகனி தாங்கிக்கொள்வாள். இதற்கு அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது, யாரிடமும் சொல்லாத, வசதியான ஒரு சமாதானம். அப்பா முன்னாலேயே பூட்டிவிட்டு வந்துவிட்டார். முதலாளி பூட்டச் சொன்னார், பூட்டினார், வீட்டுக்கு நடந்தார், பாதி வழியில்தான் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கும், பயந்து ஓடி வந்திருப்பார். கதவடியில் நடந்தது அவருக்குத் தெரியாது, பார்க்கவில்லை. பூட்டிவிட்டு வந்தது தப்புதான், ஆனால் பார்த்துக்கொண்டு நின்றது வேறு. இந்த இடத்தில் வந்து அவள் மனசு எப்போதும் கால் நீட்டிப் படுத்துவிடும்.

பின்பக்கத்தைத் திருப்பினாள். திருப்பாமல் இருந்திருக்கலாம், ரோஸ் சீட்டைக் குத்தியிருக்கலாம். 'கதையில் அந்தப் பையன் தூக்குச்சட்டியைக் கீழே போட, காவல்காரர் எடுத்துக் கொடுப்பதாக வருகிறது. தூக்குச்சட்டி விழுந்தது உண்மை. வேலிமேல் ஏற்றும்போது பெரியப்பா கையிலிருந்து விழுந்தது. அது கதவுக்கு உள்பக்கமே கிடந்தது. பெரியப்பாவும் அவர் அம்மாவும் காவல்காரரும் தவிர அதை யாரும் பார்க்கவில்லை. காவல்காரர் கம்பிக்கு வெளியே நின்று தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.' சிவகனிக்குக் கூடத்தின் சத்தம் நின்றுபோனது. அன்றைக்குக் கலர் சோடாவுக்குப் பக்கத்தில் அப்பா தானாகவே சொன்னது அது, அந்த எழுத்தாளர் கேட்கவே இல்லை. எழுந்து போகப் போனவரை நிறுத்திச் சொன்னார். "கடைசியா ஒரு பொம்பளையும் பையனும் வந்தாவ, சார். தூக்குச்சட்டி விழுந்துட்டு. எடுத்துக் குடுத்தேன், சார். எழுதிக்கிடுங்க." எழுதிக்கிடுங்க. பார்க்காதவருக்குத் தூக்குச்சட்டி எப்படித் தெரியும்? நாற்பது வருஷமாக இந்தக் கேள்வி அவள் மடியிலேயே கிடந்திருக்கிறது, நாலு வருஷமாக அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டு, காவல்காரரின் மனிதநேயத்துக்குச் சான்று என்று கோடிட்டிருக்கிறாள். நின்றிருக்கிறார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர், நடுவில் கம்பி. பல் உள்ளங்கையில் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்பா, என்ன நினைச்சிய? எங்களை நினைச்சியளா? நான் அன்றைக்குச் சோறு தின்னணும் என்று நினைச்சியளா? தின்னேனே அப்பா, படித்தேனே, அந்த முதலாளி கொடுத்த வேலையில் வந்த சோற்றைத் தின்றுதானே இந்தச் சிவப்புப் பேனா. அழுகை வரவில்லை. வடை நெஞ்சில் நின்றது.

அப்பா மண்ணுக்குப் போன அன்று கடைசி ஆளாக ஒருவர் வந்தார். ஏழு வருஷம் ஆகிறது. சங்கத்துக்காரர்கள் சிவப்புத் துணி போர்த்தி, கதவைத் திறந்த தோழர் என்று பேசி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு, வெள்ளை வேட்டியில் தாடிவைத்த ஒரு ஆள் குழியருகே வந்து குனிந்து இடது கையால் மண் அள்ளிப் போட்டார். வலது கை பக்கத்தில் தொங்கியது, மூன்று விரல் நீட்டியபடி. யார் என்று அவள் கேட்டதும், அளத்துக்காரங்க, சந்தியாகுன்னு பேரு என்று யாரோ சொன்னார்கள். கிட்டப் போய்க் கும்பிட்டாள். அவர், "படிச்சேன்மா பாடத்த. தம்பி பிள்ளை வாசிச்சுக் காட்டுச்சு" என்று சொல்லவில்லை, அது இப்போது மனசு சேர்த்துக்கொள்வது; அன்றைக்குப் பாடமே கிடையாது. அன்றைக்கு அவர் சொன்னது, "வாரேன்" என்ற ஒரு சொல்தான். அவர் வாய் திறந்து அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஊரே கேட்டிருக்கும். ஏன் சொல்லவில்லை? தாளில் இன்னும் நாலு வரி இருந்தது. 'இந்தப் பாடத்தை நான் வீட்டில் சத்தமாகப் படித்தேன். இது நடக்கவே இல்லையே, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பெரியப்பாவிடம் கேட்டேன். கதையிலாவது தொறந்துச்சே, அதுல எங்கம்மா வெளிய போறாள்ல, போகட்டும் என்றார். எனவே இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பது பாதிதான் சரி. நடந்ததைச் சொல்ல முடியாதவர்கள், நடந்திருக்க வேண்டியதைச் சொல்கிறார்கள். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.' முடிவுரை என்று தலைப்புப் போட்டுக் கோடுகூடப் போட்டிருந்தது பிள்ளை. கோடு கோணலாகப் போயிருந்தது.

"மேடம், ரோஸ் சீட்டு எடுத்தீங்களாமே" என்று ஞானதிரவியம் சார் வந்து நின்றார். பெரிய மனிதர், நாற்பது பேரையும் அதட்டாமல் வேலை வாங்குகிறவர், விதி என்றால் விதிதான். தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். முதல் பக்கம், பின்பக்கம், மறுபடி முதல் பக்கம். அவர் முகம் மாறியது, அவளுக்காக மாறியது. "மேடம், இது உங்க அப்பாவைப் பத்தியில்ல எழுதியிருக்கு. என்ன திமிரு பாருங்க. நீங்க மனசுல போட்டுக்காதீங்க. ஊரு பேரு இருக்கு, சொந்தக்காரங்க பேரு இருக்கு, அது போதும். காரணத்தை நான் எழுதிக்கறேன், குடுங்க" என்று கை நீட்டினார். இதைவிட அன்பாக யார் கேட்பார்கள்? நீட்டின கையில் சீட்டை வைத்தால் முடிந்தது. ஹைருன்னிசா திருத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சிவகனி சீட்டைக் கையில் பிடித்திருந்தாள், இறுக்கிப் பிடித்திருந்தாள், பிடித்திருக்கிறோம் என்பதே விரல் வலித்த பிறகுதான் தெரிந்தது. குனிந்து தன் கையைப் பார்த்தாள். சீட்டு கசங்கி உள்ளங்கைக்குள் போய்விட்டிருந்தது. அவளே இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"திறக்கல, சார்" என்றாள்.

"என்ன மேடம்?"

"எங்க அப்பா திறக்கல. சாவி எங்க வீட்டுலதான் இருந்துச்சு. காலண்டருக்குப் பின்னால, ஆணியில. அவர் அங்கேயே நின்னு பார்த்திருக்கார். பிள்ளை எழுதினது சரிதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். கூடத்தில் யாரோ தாள் புரட்டுகிற சத்தம். "விடைக்குறிப்பு நீங்க எழுதினதுதானே" என்றார் மெதுவாக. "ஆமா சார். நான்தான் எழுதினேன், பொய்யி." "பேரு இருக்கே மேடம், அதுக்கு என்ன செய்ய? மேலிடத்துல கேட்டா?" "அது தாள் எழுதின பிள்ளை பேரு இல்ல, சார். வேலியில கை கிழிஞ்சவர் பேரு. பாடத்துல இருந்திருக்க வேண்டியது, விட்டுப்போச்சு. கேட்டா நான் வந்து சொல்லுதேன்." சொல்லுதேன். பனையடிமுனைப் பேச்சு, வகுப்பில் கால் நூற்றாண்டாக வாயிலேயே வராமல் காத்த பேச்சு, அதுவாக வந்து விழுந்தது. ஞானதிரவியம் சார் தாளை அவள் முன்னால் வைத்தார். "மார்க்கைப் போட்டுக் கொண்டாங்க, நான் பார்த்ததா கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு நின்றார், இன்னும் ஏதோ கேட்க வேண்டும் போல. "அப்ப இத்தனை நாளா, திறந்தார்னு எழுதின பிள்ளைங்களுக்கெல்லாம் போட்டோமே?" சிவகனி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவரும் வற்புறுத்தாமல் போய்விட்டார்.

கசங்கின சீட்டைக் கிழித்துக் காலடிக் கூடையில் போட்டாள். முப்பத்தேழாவது வினாவின் ஓரத்தில் ஒன்பது போட்டாள். இருபத்திரண்டும் ஒன்பதும் முப்பத்தொன்று, சுற்றி ஒரு வட்டம். ஏன் பத்து போடவில்லை என்று ஹைருன்னிசா பிறகு கேட்பாளாக இருக்கும். கேட்கட்டும், முடிவுரைக் கோடு கோணல். விஷயம் வெளியே வந்தால் எல்லாம் வேறாக இருக்கும், மேடை இருக்காது, பெயர் இருக்காது, சங்கத்துக்காரர்கள் என்ன சொல்வார்களோ, அம்மா இருந்திருந்தால் கரண்டியோடு வந்து இந்த மேசையில் சாய்ந்து நின்றிருப்பாளோ என்னவோ. பயமாகத்தான் இருந்தது. பதினெட்டாவது தாளை எடுத்தாள், வேறு என்ன செய்வது. இலக்கியம் காலத்தின் கண்ணாடி ஆகும். முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஒரு எட்டு என்று கண் வழக்கம்போல ஓடப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். 'காவல்காரர் பூட்டைத் திறந்தார். மக்கள் வெளியே ஓடினர். கடைசியில் ஒரு தாயும் மகனும் வந்தனர். மகனின் தூக்குச்சட்டி கீழே விழுந்தது. காவல்காரர் அதை எடுத்துக் கொடுத்து, ஓடுங்கள் என்றார். இருவரும் வெளியே போய்விட்டனர்.' அடியில் கோடில்லை, முடிவுரை இல்லை, ஆசிரியர் பெயர்கூடத் தப்பு. பேனா அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் நின்றது. போகட்டும் என்றாராமே சந்தியாகு. பிறகு அவள் பத்துக்குப் பத்து போட்டாள்.